லோசனியின் கடைவாய்ப் பல்

ஈச்சங்கரட்டில் பிறந்தவர்கள் நடக்கப் பழகுவார்கள், பேசப் பழகுவார்கள், வேலை செய்யும் வயது வந்ததும் வடக்கே போய்விடுவார்கள். கரட்டடியில் மழை மறந்துபோன அந்த மண்ணில் குதிரைவாலி விளைந்து நிறைத்தது பாதி வயிறு என்றால் மீதி வயிற்றுக்கு வடக்கேதான் வழி இருந்தது. அகோலா, நாக்பூர், சோலாப்பூர் என்று பெயர் தெரிந்த ஊர்களிலும் பெயரே வாயில் நுழையாத ஊர்களிலும் முறுக்குக் கம்பெனி, மிட்டாய்க் கம்பெனி என்று சேர்ந்து, மாவு பிசைந்தார்கள், பாகு காய்ச்சினார்கள், எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நின்று நின்று கண் சிவந்தார்கள். கொதிக்கிற சட்டிக்குப் பக்கத்தில் தவழுகிற பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது என்பதால், புருசனும் பெண்டாட்டியுமாகப் போனவர்கள் பிள்ளைகளை ஊரிலேயே விட்டுப் போனார்கள், விட்டுப் போனதற்கு ஈடாகப் பெட்டி பெட்டியாக மிட்டாய் அனுப்பினார்கள்.

பிள்ளை அழுதால் ஒரு பேடா, அம்மா எங்கே என்று கேட்டால் கைநிறையச் சீனிச்சேவு, தூங்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் கன்னத்துக்குள் அடக்கிக்கொள்ள ஒரு கட்டி மிட்டாய். அம்மா அனுப்பியதாயிற்றே, அப்பா கைப்பட உருட்டியதாயிற்றே என்று வாயில் ஒதுக்கியபடியே தூங்கிப்போன அந்தப் பிள்ளைகளின் பற்கள், முளைத்த சுருக்கிலேயே மஞ்சள் பூத்து, கறுத்து, எரிந்துபோன தீக்குச்சி முனைபோல ஈறோடு தேய்ந்தன. ஊரில் அதற்குப் பூச்சிப்பல் என்று பெயர். மழை இல்லாததைப் போலவே பிள்ளைகளுக்குப் பல் இல்லாததும் ஊருக்கு வாய்த்தது என்று எல்லோரும் நினைத்திருந்ததால் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

கவலைப்பட்டது பால்வாடி டீச்சர் ஜெயக்கொடி மட்டும்தான். அவள் அந்த ஊர்க்காரி இல்லை. கல்யாணமாகி வந்த வருசமே அவளுடைய புருசன் சடையாண்டி மற்றவர்களைப் போல வடக்கே போனான், கொஞ்ச காலம் போன் செய்தான், பிறகு செய்யவில்லை. அவனோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் கம்பெனி மாறிவிட்டான் என்றார்கள், எந்தக் கம்பெனி என்று கேட்டால் வானத்தைப் பார்த்தார்கள். ஜெயக்கொடி பிறந்த ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. திரும்பிப் போனால் அவன் வந்து தேடும்போது வீடு பூட்டியிருக்குமே என்று முதலில் நினைத்தாள், பிறகு அப்படி நினைப்பதை விட்டுவிட்டாள், ஆனால் இருப்பதை விடவில்லை. பால்வாடிக்குப் பின்னாலேயே ஒற்றை அறை எடுத்து, பகலெல்லாம் ஊர்ப்பிள்ளைகளின் சத்தத்துக்குள்ளும் பொழுது சாய்ந்ததும் தன் சத்தம்கூட இல்லாமலும் வாழ்ந்தாள்.

அந்தப் பால்வாடியில் லோசனி என்றொரு சின்னப்பெண் இருந்தாள். இன்னும் பள்ளிக்கூடம் சேர்க்கிற வயது வரவில்லை. அம்மா செல்வராணியும் அப்பாவும் சோலாப்பூர்ப் பக்கம் ஒரு மிட்டாய்க் கம்பெனியில் இருந்தார்கள், பிள்ளையை அத்தை முத்துப்பேச்சி வளர்த்தாள். அதிகம் பேசாத பிள்ளை. சோற்றை ஒரு பக்கமாகவே வைத்து மெல்லும், சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்ளும். அதன் கீழ்க் கடைவாயில் ஒரு பல் நடுவில் குழிந்து, குழி பெரிதாகி, ஒரு கடுகு உள்ளே போனால் திரும்பி வராத அளவுக்கு ஓட்டையாகியிருந்தது.

ஒரு மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுப் பாயில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தபோது, லோசனியின் திறந்த வாய்க்குள்ளிருந்து ஒரு பொம்பளையின் குரல் வந்தது.

"அந்தத் தட்டத் தள்ளி வையி. பாகு பதம் போயிரும். ஏய், கை, கை! சுட்டுருச்சா?"

அதன்பின் கரண்டி சட்டியில் உரசும் சத்தம், யாரோ சிரிப்பது, தூரத்தில் ஒரு லாரியின் ஆரன்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஆயா பெருமாயி எட்டிப் பார்த்தாள். "செல்வராணி கொரலுல்ல இது" என்றாள். "இவ எப்பவும் பதம் போயிரும், பதம் போயிரும்னுதான் கத்துவா." சொல்லிவிட்டு, கையில் இருந்த சாம்பார்ச் சட்டியைத் தேய்த்து முடித்து, கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் முத்துப்பேச்சியிடம் சொல்லப் போனாள்.

முத்துப்பேச்சி வந்து தூங்குகிற பிள்ளையின் வாயருகே காதை வைத்தாள். அவளுக்குக் கேட்டது செல்வராணி இல்லை, நாக்பூரில் இருக்கும் தன் புருசன். சட்டையைத் துவைத்தபடி, பக்கத்தில் யாரும் இல்லாதபோது அவன் முனகுகிற ஒரு பாட்டை, முதலடி மறந்துபோய், பாதியிலிருந்தே திரும்பத் திரும்ப முனகிக்கொண்டிருந்தான். அவள் எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவுகளுக்கு சளி பிடிச்சிருக்கு" என்றாள்.

பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. யார் காதை வைத்தாலும் அவரவர் ஆள்தான் கேட்டது. போனில் எல்லோரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் போனில் வருவது நல்லா இருக்கோம், நீங்க நல்லா இருக்கீகளா, சாப்பிட்டாச்சா என்கிற குரல், அது எல்லோருக்கும் பொதுவான குரல். லோசனியின் பல்லுக்குள்ளிருந்து வந்தது, யாரும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மனிதர்கள் தங்களுக்குள் போடுகிற சத்தம்: கொட்டாவி, பெருமூச்சு, சுளுக்கிய தோளை நீவும்போது வருகிற 'ஸ்ஸ்', அடுப்பைத் திட்டுவது, சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு படுப்பது. அதைத்தான் அந்த ஊர் இத்தனை காலம் பட்டினி கிடந்ததுபோலக் கேட்டது.

இப்படித்தான் வழக்கம் உண்டானது. பால்வாடி விட்டதும் முத்துப்பேச்சி பிள்ளையை டீக்கடைக்காரர் தங்கமுடி வீட்டு முற்றத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். வெயில் விழுகிறதென்று தங்கமுடி தென்னங்கீற்றில் பந்தல் போட்டுக் கொடுத்தார். பதில் பேசக் கூடாது, காது மட்டும்தான், என்று ஒரு ஒழுங்கு தானாக வந்தது. கைப்பிள்ளைக்காரிகள் முதலில், வயசானவர்கள் அடுத்து, சண்டைக்காரர்கள் கடைசியில். வெள்ளிக்கிழமை பெண்களுக்கு மட்டும் என்று பூசாரி சொன்னார், அதை அவரே மீறினார். வாயைத் திறந்து வைத்திருக்கிற பிள்ளைக்குக் கூலி வேண்டாமா என்று வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு மிட்டாய் கொண்டுவந்தார்கள். கேட்டு முடித்ததும் வாயில் வைத்துவிட்டுப் போனார்கள். கன்னத்தைத் தட்டி, "என் ராசாத்தி" என்றார்கள்.

பலனும் வந்தது, வம்பும் வந்தது. ஒருத்தி போன் போட்டு, "நேத்து சாயங்காலம் யாருகூட அப்பிடிச் சிரிச்சீக?" என்று கேட்டு, வடக்கே ஒரு கம்பெனியே அல்லோலகல்லோலப்பட்டது. அம்மாவின் இருமலைக் கேட்ட ஒரு மகன் மருந்து வாங்கி அனுப்பினான். செய்தி வடக்கே பரவியதும் அங்கே இருந்தவர்களும் பழகிக்கொண்டார்கள். பொழுது சாயும் நேரத்தில், எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறவர்கள், பக்கத்தில் நிற்கிற வடக்கத்தியான் பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை என்று, ஒருவேளை இப்போது கேட்டுக்கொண்டிருப்பார்களோ என்று, காற்றைப் பார்த்து ரெண்டு வார்த்தை சொல்லிவைத்தார்கள். "இன்னிக்கு நெத்திலிக் கொழம்பு" என்பதுபோல. "இங்க மழ பெய்யுது" என்பதுபோல.

எல்லோரும் கேட்டார்கள், ஜெயக்கொடி கேட்கவில்லை. பந்தலைக் கடந்து போகும்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

"நீங்களும் ஒருக்கா காத வையிங்க டீச்சர்" என்றாள் பெருமாயி. "இருக்காகளா இல்லையான்னாவது தெரியுமில்ல."

"வேணாங்க்கா. ஒண்ணுமே கேக்கலைன்னா, அப்பறம் நான் என்ன செய்ய?"

பெருமாயி விளக்குமாற்றை எடுத்துக் கூட்டத் தொடங்கினாள்.

கேட்காத ஒருத்தியாக இருந்ததால் ஜெயக்கொடிக்கு மற்றவர்களுக்குப் படாதது கண்ணில் பட்டது. லோசனி முட்டையைத் தொடவில்லை. சாதத்தைக் குழைத்துக் கொடுத்தாலும் ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடித் திறந்தது. ஓட்டைப்பல்லுக்குப் பக்கத்துப் பல்லிலும் கறுப்பு ஏறியிருந்தது. விளையாடுகிற நேரத்தில் சுவரின் குளிர்ச்சியான இடமாகப் பார்த்துக் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நின்றது.

அவள் பிள்ளைகளைச் சாப்பாட்டுக்குப் பிறகு பல் தேய்க்க வைக்க ஆரம்பித்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து கேட்டு வாங்கிய குட்டிப் பிரஷ்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படம் ஒட்டி, ஆணி வரிசையில் தொங்கவிட்டாள், ஒன்றின் தலை ஒன்றில் படக்கூடாது என்று இடம்விட்டு அடித்திருந்தாள். பட்டாணி அளவு பேஸ்ட்டைத் தன் கையாலேயே வைத்தாள். பிள்ளைகளை மடியில் சாய்த்து, "ஆ காட்டு… ஈ காட்டு… இப்பத் துப்பு" என்று தேய்த்துவிட்டாள். வேப்பமரத்தடியில் பிள்ளைகள் யார் தூரமாகத் துப்புவது என்று போட்டி போட்டன. வீட்டில் வாயில் மிட்டாயோடு தூங்க விடாதீர்கள் என்று ஒவ்வொரு வாசலாகப் போய்ச் சொன்னாள்.

"ஆத்தா அப்பன் மடியத்தான் குடுக்க முடியல, மிட்டாயாவது குடுக்கட்டுமே டீச்சர்" என்றார்கள். அவளுக்கும் அது நியாயமாகப் பட்டதால் கோபித்துக்கொள்ள முடியவில்லை. "குடுங்க, சோத்தோட சேத்துக் குடுங்க. நாளெல்லாம் வாயில ஊறவிடாதீக. தூங்குறதுக்கு முன்னால தேச்சு விட்டுருங்க" என்று கெஞ்சினாள்.

லோசனி மட்டும் பிரஷ் பக்கம் வரவில்லை. ஜெயக்கொடி மடியில் இழுத்து உட்கார வைத்தால் வாயைப் பூட்டிக்கொண்டது.

"ஏன் தாயீ? எல்லாரும் தேய்க்கிறாக பாரு."

"தேச்சா அம்மா போயிரும்."

அதற்குமேல் அவளால் அந்த வாயைத் திறக்கச் சொல்ல முடியவில்லை.

முத்துப்பேச்சியிடம் போய்ப் பேசினாள். முத்துப்பேச்சி கெட்டவள் இல்லை, அண்ணன் பிள்ளையைத் தன் பிள்ளையாகத்தான் வைத்திருந்தாள். "பால் பல்லுதான டீச்சர். விழுகப்போற பல்லு. நல்ல பல்லு பின்னால மொளைக்குமில்ல" என்றாள்.

"இந்தக் கடவாப்பல்லு விழுக இன்னும் வருசக்கணக்கா ஆகும் முத்துப்பேச்சி. அதுவரைக்கும் அதுலதான அவ மெல்லணும்? புரையோடி வேருக்கு எறங்குனா சீழ் வைக்கும். கீழ மொளைக்கிறதுக்குக் காத்திருக்கிற பல்லையும் கெடுக்கும். பெரியாஸ்பத்திரில பல் டாக்டர் இருக்காக, காட்டுவோம்."

முத்துப்பேச்சி கீரையை ஆய்ந்து முடித்தாள். "பிடுங்கிருவாகளா?" என்று கேட்டாள். ஜெயக்கொடி ஆமென்று தலையாட்டினாள். "சிவராத்திரி முடியட்டும் டீச்சர். அப்ப இவ ஆத்தா அப்பன் லீவு கெடச்சு வந்தாலும் வருவாக."

சிவராத்திரிக்கு இன்னும் காலம் கிடந்தது. தங்கமுடி காதுக்குச் செய்தி போய், அவர் கடையை அப்படியே போட்டுவிட்டு பால்வாடி வாசலுக்கு வந்தார். நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர், வாசலில் குனிந்து நின்றார். அவருடைய ஒரே மகன் காதல் கல்யாணத்தில் அவரோடு சண்டை போட்டுக்கொண்டு வடக்கே போனவன், ஒரு போன்கூடப் பேசியதில்லை. அவர் தினமும் வரிசையில் கடைசியாக வந்து, கேட்டுவிட்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் போய்க் கடை விளக்கைப் போடுவார்.

"எம்மவன் தூக்கத்துல அப்பான்னான் டீச்சர்" என்றார். "முந்தாநேத்து. ஒரே ஒரு தடவ. நீங்க அதப் பிடுங்கப் போறேங்கிறீக."

"புள்ளைக்கு வலிக்குதுண்ணே."

"அதுவா சொல்லுச்சு? அது ஒண்ணும் சொல்லலையே. சமத்தா ஒக்காந்துதான இருக்கு."

அவர் சொன்னது உண்மைதான். அது ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழியுமுன் லோசனியின் வலக் கன்னம் லேசாக உப்பியது. பந்தலுக்கு வந்தவர்கள் வலப்பக்கம் காதை வைக்காமல் இடப்பக்கம் வைத்தார்கள். மஞ்சள் பற்றுப் போட்டார்கள், கிராம்பு வைத்தார்கள், அதன்மேலேயே பேடாவும் வைத்தார்கள். ஜெயக்கொடி செல்வராணிக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். "பெரிய ஆர்டரு டீச்சர், நகர விட மாட்டேங்கிறாக. கிராம்பு வையிங்க. பேடா கெடச்சுச்சா? அவளுக்குன்னு குங்குமப்பூ போட்டுப் பண்ணுனேன்" என்று செல்வராணி சொன்னாள், சொல்லும்போதே அழுதாள், அழும்போதே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் முத்துப்பேச்சி தண்ணிக்கு வரிசையில் நின்றதால் பிள்ளையைக் கூட்டிப்போக வரச் சுணங்கியது. மற்ற பிள்ளைகள் போய்விட்டன. பெருமாயியும் கூட்டி முடித்துவிட்டுப் போய்விட்டாள். சன்னல் வழியாகக் கடைசி வெயில் தரையில் கிடந்தது. ஜெயக்கொடி பிரஷ்களை அலசிக்கொண்டிருந்தாள், லோசனி பாயில் சுருண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நீங்க மட்டும் கேக்கவே இல்ல டீச்சர்" என்றது.

"எனக்கு யாரும்மா இருக்கா?"

பிள்ளை எழுந்து வந்து, அவள் முன்னால் நின்று, நாற்காலியில் உட்கார்ந்து பழகிய பழக்கத்தில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தது. புளித்த பழத்தின் வாடை அடித்தது. ஜெயக்கொடி குனிந்தாள். குனியக் கூடாது என்று இத்தனை நாளும் இறுக்கிப் பிடித்திருந்தது எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

முதலில் குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம். பிறகு தொண்டையைச் செருமுகிற சத்தம், ரெண்டு தடவை சின்னதாக, ஒரு தடவை பெரிதாக. அந்தச் செருமலில் அவளுடைய முதுகுத்தண்டு முழுவதும் அவனை அறிந்துகொண்டது. உயிரோடுதான் இருந்தான். வாய் கொப்பளித்தான். பிறகு, "ஆ காட்டு" என்றான் சடையாண்டி. அவளிடம் ஒருபோதும் அவன் பேசியிராத மெத்தென்ற குரலில், "ஈ காட்டு… பின்னாடி… ம், துப்பு" என்றான். ஒரு சின்னப் பிள்ளை துப்பியது, சிரித்தது, அவளுக்குப் புரியாத பாஷையில் என்னவோ கேட்டது. அவன் அந்தப் பாஷையிலேயே பதில் சொன்னான். உள்ளேயிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். இரண்டு ஜோடிக் காலடிகள் ஈரத்தரையில் சளக் சளக் என்று போயின, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. குழாயை யாரோ இறுக்கி மூடினார்கள்.

ஜெயக்கொடி நிமிரவில்லை. திட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது, மூடிய குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீராக இருந்தாலும் பரவாயில்லை, நாளைக்கும் இந்நேரம் அவன் அந்தப் பிள்ளைக்குப் பல் தேய்த்து விடுவான், நாளைக்கும் குனிந்தால் கேட்கலாம், நாளை மறுநாளும் கேட்கலாம். ஊரார் ஏன் பந்தல் போட்டார்கள் என்று அவளுக்கு அப்போது விளங்கியது. பல்லைப் பிடுங்க வேண்டும் என்று சொன்ன வாய் யாருடையதோ போல இருந்தது. காதில் அனல் அடித்துக்கொண்டே இருந்தது, அது அவன் வீட்டு அடுப்பின் அனல் என்று நினைத்து அதற்குள் இன்னும் நெருங்கிப் போனாள், நெருங்கிய பிறகுதான் கன்னத்தில் கன்னம் பட்டது.

சுட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. தாடைக்குக் கீழே வீக்கம் கல்லாக இறுகியிருந்தது. வலியில் கண் இரண்டும் சொருக, வாய் மட்டும் அவள் கேட்பதற்காகத் திறந்தபடி இருந்தது.

ஜெயக்கொடி பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். தண்ணிக் குடங்களுக்கு நடுவில் நின்ற முத்துப்பேச்சி, பிள்ளையின் கழுத்தில் கைவைத்துப் பார்த்துவிட்டு, குடத்தை அப்படியே போட்டாள். பந்தலில் காத்திருந்தவர்கள் எழுந்தார்கள். தங்கமுடி மட்டும் குறுக்கே வந்து, "ஒரே ஒரு தடவ டீச்சர், இன்னிக்கு மட்டும்" என்று கையேந்தினார். முத்துப்பேச்சி பிள்ளையின் முகத்தைத் தன் முந்தானையால் மூடினாள். ஷேர் ஆட்டோ பிடித்துப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, சொட்டு மருந்து ஏற்றி, காய்ச்சல் தணிகிறவரை வைத்திருந்தார்கள். பிறகு பல் டாக்டர் அம்மா, விளக்கை இழுத்து, வாயைப் பார்த்தார். "இன்னும் விட்டிருந்தா கழுத்துக்கு எறங்கி மூச்சையே அடைச்சிருக்கும்" என்றார். மரத்துப்போக ஊசி போட்டு இடுக்கியை உள்ளே விட்டவரின் கை சற்று நின்றது. தலையைச் சாய்த்து எதையோ கேட்டார். அவருக்கு யார் இருந்தார்கள், எங்கே இருந்தார்கள் என்று ஜெயக்கொடி கேட்கவில்லை. டாக்டர் மூக்கை ஒருமுறை உறிஞ்சிக்கொண்டு, "சரி, கண்ண மூடிக்கோ தங்கம்" என்றார்.

தட்டில் 'டிங்' என்று விழுந்தது. கறுத்த, உள்ளே ஒன்றுமில்லாத, அழுகல் நாற்றம் வீசுகிற சின்ன ஓடு. முத்துப்பேச்சி அதை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். பிறகு தட்டிலேயே போட்டுவிட்டாள்.

ஊர் திரும்பியபோது பந்தலில் கீற்று மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஜெயக்கொடியை யாரும் ஏசவில்லை. பேசவும் இல்லை. அவள் தெருவில் வந்தால் பேச்சு நின்றது, தாண்டிப் போனதும் தொடங்கியது. புருசன் வேறு குடும்பம் வைத்திருப்பதைக் கேட்டுவிட்ட ஆத்திரத்தில் எல்லோரும் கேட்டுவந்த குரலையும் பிடுங்கிப் போட்டுவிட்டாள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அவள் யாரிடமும் சொல்லாதது எப்படித் தெரிந்தது என்று அவள் நெடுநேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஊரில் சிலருக்கு அது எப்போதோ தெரிந்திருக்கும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வடக்கேயும் கொஞ்ச நாள், விசயம் தெரியாதவர்கள், பொழுது சாய்ந்ததும் காற்றைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள், பிறகு அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள்.

மாற்றங்கள் வந்தன, ஆனால் மெதுவாக, யாரும் பெயர் வைக்காமல் வந்தன. தங்கமுடி ஒரு காலையில் கடையைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, ஒரு மஞ்சள் பையோடு ரயிலேறினார். மகன் எந்த ஊரில் இருக்கிறான் என்பது லாரி ஆரனையும் கோயில் மணியையும் கேட்டுக் கேட்டு அவருக்கு ஒரு மாதிரி பிடிபட்டிருந்தது. போனவர் இன்னும் திரும்பவில்லை. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று ஊருக்குத் தெரியாது. வீடுகளில் மிட்டாய்ப் பெட்டியைப் பரணில் ஏற்றினார்கள். சிலர் ஏற்றவில்லை. முத்துப்பேச்சி படுக்குமுன் லோசனிக்குப் பல் தேய்த்துவிட்டாள். செல்வராணிக்குச் சிவராத்திரிக்கு லீவு கிடைக்கவில்லை. ஒரு பெட்டி வந்தது, திறந்தால் உள்ளே கொய்யாப்பழம், பாதி நசுங்கியிருந்தது.

லோசனி பால்வாடிக்கு வந்தது, ஆனால் ஜெயக்கொடியிடம் வரவில்லை. ஆயாவிடம் சாப்பிட்டது, ஆயாவிடம் தேய்த்துக்கொண்டது, முட்டையை இரண்டு பக்கமும் மென்று தின்றது. கன்னத்தில் சதை வைத்தது. அவள் கூப்பிட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. ஜெயக்கொடி வற்புறுத்தவில்லை. பிள்ளையிடமிருந்து தான் எடுத்தது எது என்று அவளுக்குத் தெரியும். தன்னிடமிருந்தும் அதே கையால் அதே நாளில்தான் எடுத்துக்கொண்டாள் என்பதை ஒரு சின்னப்பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாததால், மற்ற பிள்ளைகளின் வாயைத் திறந்து, "ஆ காட்டு… ஈ காட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் பெருமாயி வரவில்லை. ஜெயக்கொடி ஒருத்தியே சோறு போட்டு, ஒருத்தியே வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு பிள்ளையாகத் தேய்த்துவிட்டாள். கடைசியாக ஒரு பிள்ளை அவள் முன்னால் வந்து நின்று, தலையைச் சாய்த்து, தானாக வாயைத் திறந்தது. லோசனி. பல் இருந்த இடத்தில் ஈறு ரோஜா நிறத்தில் மூடியிருந்தது.

ஜெயக்கொடி பிரஷை வைக்கப் போனாள். பிள்ளை அவள் கையை விலக்கிவிட்டு, கழுத்தைப் பிடித்து இழுத்து, அவள் காதைத் தன் வாயருகே கொண்டுவந்தது. மூச்சு குளிர்ச்சியாக இருந்தது. வெளியே பிள்ளைகள் துப்பிச் சிரிக்கிற சத்தம் தவிர ஒன்றுமில்லை.

"கேக்குதா டீச்சர்?"

"இல்லம்மா" என்றாள் ஜெயக்கொடி. "ஒண்ணுமே கேக்கல. என்னய மன்னிச்சிரு தாயீ."

"நாந்தான் டீச்சர். நான் பேசுறேன்."

ஜெயக்கொடி காதை அங்கேயே வைத்திருந்தாள்.

"எனக்கு வலிச்சுச்சு" என்றது லோசனி. "அப்பவே வலிச்சுச்சு. ரொம்ப. எல்லாரும் வந்து வந்து காத வச்சாக. யாருமே கேக்கல."

அவள் பிரஷைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பிள்ளை மடியில் ஏறி, இன்னும் கிட்டத்தில் வந்து, எங்கே வலித்தது, எப்போதெல்லாம் வலித்தது, பேடா இனித்துக்கொண்டே எப்படி வலித்தது, பந்தலில் உட்கார்ந்து ஒண்ணுக்குப் போகாமல் எப்படி அடக்கிக்கொண்டிருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தது. சொல்லச் சொல்லப் புதிது புதிதாக வந்துகொண்டிருந்தது. மற்ற பிள்ளைகள் வேப்பமரத்தடியிலிருந்து திரும்பி வந்து, பாயை விரித்து, தாமாகவே படுத்துத் தூங்கிப்போயின. முத்துப்பேச்சி வாசலில் வந்து நின்றபோதும் அது சொல்லி முடித்திருக்கவில்லை. முத்துப்பேச்சி கூப்பிடவில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, சத்தமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.